மேடையில் எங்கே நிறுத்துவது? பேச்சைக் கெடுக்கும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அடுத்து சொல்ல வேண்டியது சட்டென்று மறந்துவிட்டது. ஒரு நிமிடமாவது வாயடைத்து நின்றிருப்பேன் என்று அன்று முழுக்க மனம் குமைந்தது. பிறகு ஒலிப்பதிவைக் கேட்டேன். மூன்றே நொடிதான். அதைவிட ஆச்சரியம், அந்த மூன்று நொடிக்கு முன்னால் நான் சொல்லியிருந்த வாக்கியத்தைத்தான் வந்திருந்தவர்கள் பலர் நினைவு வைத்துப் பேசினார்கள். அதில் தனிச்சிறப்பு ஒன்றும் இல்லை. மனதில் இறங்க அதற்கு நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மௌனம் நம்மை ஏன் இப்படிப் பதற வைக்கிறது? இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி மிகக் குறைவு. 2009-இல் 10 மொழிகளை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வில் அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. வாழ்நாள் முழுக்க அந்த வேகத்தில் பழகிய காதுக்கு மேடையில் இரண்டு நொடி அமைதி வந்தாலே ஏதோ தப்பு நடந்துவிட்டதாகத் தோன்றும். இந்தப் பதற்றம் பேசுபவருக்கு மட்டும்தான். கேட்பவர் அந்த நேரத்தில் நீங்கள் சொன்னதைப் புரிந்துகொண்டிருக்கிறார். இடைவெளி அவருடைய நேரம். அதை நம் நேரம் என்று நினைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

எல்லோரும் செய்வது, அமைதியைச் சத்தத்தால் நிரப்புவது. "வந்து", "அதாவது", "பார்த்தீங்கன்னா", "என்ன சொல்றது", இல்லாவிட்டால் நீண்ட ஒரு "ஆ…". ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை, பேச்சு இயல்பாகத்தான் இருக்கும். வரிக்கு வரி வந்தால் கேட்பவர் கருத்தை விட்டுவிட்டு அவற்றை எண்ணத் தொடங்கிவிடுவார். "இனிமேல் சொல்லக் கூடாது" என்று மனதுக்குள் கட்டளையிட்டுப் பயனில்லை. வாக்கியம் முடிந்ததும் உதட்டை மூடி, மூக்கால் மூச்சை இழுங்கள். உதடு மூடியிருந்தால் "ஆ" வெளியே வராது. மூச்சும் நிறைந்துவிடும், அடுத்த வாக்கியம் திடமாகத் தொடங்கும்.

இதற்கு நேர்மாறான பழக்கம் மூச்சு தீர்ந்த இடத்தில் நிறுத்துவது. பொருள் முடியும் இடமும் மூச்சு முடியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. "நேற்று வந்த நண்பரின் தம்பி" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "நேற்று வந்த" என்று நிறுத்தினால் வந்தது தம்பி. "நேற்று வந்த நண்பரின்" என்று நிறுத்தினால் வந்தது நண்பர். எழுத்தில் ஒரே வரி, காதில் இரண்டு செய்தி. குறிப்பைப் பார்த்து வாசிப்பவர்களிடம் இது அதிகம். தாளில் வரி மடங்கும் இடத்தில் குரலும் நின்றுவிடும். முன்கூட்டியே தாளில் சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, பெரிய நிறுத்தத்துக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

தமிழில் பேசுபவர்கள் இன்னொன்றில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். நம் வாக்கியத்தில் முடிவு பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. "இந்த முடிவை நான் ஏற்கிறேன்", "ஏற்கவில்லை" இரண்டும் கடைசி நொடி வரை ஒன்றுதான். அந்த "வில்லை"யை விழுங்கிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தாவினால், பின்வரிசையில் இருப்பவர் நீங்கள் ஆதரித்ததாகவே எண்ணி வீட்டுக்குப் போவார். வினைச்சொல்லை முழுதாகச் சொல்லி, அதற்குப் பிறகு நில்லுங்கள். சில இடங்களில் கடைசிச் சொல்லுக்கு முன்னாலும் நிற்கலாம். "அன்று கதவைத் திறந்தது… என் அப்பா." அந்த இடைவெளியில் அரங்கமே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் இதையே வரிக்கு வரி செய்வது பெரிய தவறு. நிறுத்தத்தின் அருமை தெரிந்த புதிதில் பலர் எல்லாச் சொல்லுக்கும் முன்னால் நின்று நின்று பேசுவார்கள். எல்லாமே முக்கியம் என்றால் எதுவுமே முக்கியமாகப் படாது. ஒரே அளவில் விட்டுவிட்டு வரும் இடைவெளி தாலாட்டு மாதிரி தூக்கத்தைத்தான் தரும். சாதாரண வாக்கியத்துக்கு ஒரு மூச்சு போதும். நீண்ட நிறுத்தத்தைப் பேச்சு முழுவதிலும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு நாமே உடனே பதில் சொல்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மேடைக்கும் இது பொருந்தும். பதிலை எதிர்பார்க்காத கேள்வியாக இருந்தாலும், கேட்பவர் மனதுக்குள் பதில் தேட நேரம் வேண்டாமா?

வாய் நின்றால் போதாது, உடம்பும் நிற்க வேண்டும். கனமான ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டினால், கடிகாரத்தைப் பார்த்தால், எல்லோர் கண்ணும் உங்கள் கையோடு போய்விடும். ஒருவர் முகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். தண்ணீர் குடிப்பதைத் தலைப்பு மாறும் இடத்துக்கு ஒத்திவையுங்கள். சிரிப்போ கைதட்டலோ எழுந்தால் அது தணியத் தொடங்கும் வரை காத்திருங்கள். இணையவழிக் கூட்டத்தில் மட்டும் நீண்ட மௌனத்தை இணைப்பு அறுந்ததாக எண்ணிக்கொள்வார்கள். அங்கே முகம் திரையில் தெரிய, கேமராவைப் பார்த்தபடி சற்றுக் குறைவாக நிறுத்துங்கள்.

கடைசியாக, முடிக்கும் இடம். உருகி உருகிச் சொன்ன இறுதி வாக்கியத்தின் வாலிலேயே "நன்றி வணக்கம்" என்று ஒட்டிவிட்டு இறங்குபவர்கள் ஏராளம். அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். உதட்டை மூடுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். அப்புறம் நன்றி சொல்லலாம்.