தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பூச்சிமருந்து

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பூச்சிமருந்து என்றாலே தாய்மார்கள் என்னிடம் கேட்பது பழத்தைப் பற்றித்தான்: எதில் ஊறவைப்பது, எப்படிக் கழுவுவது என்று. அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுத் தரையைப் பாருங்கள்.

கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தால் வாடை கொஞ்ச நேரத்தில் போய்விடும், மருந்து போகாது. வெயிலும் மழையும் படாத இடத்தில் அது சீக்கிரம் சிதைவதில்லை. தூசியிலும் விரிப்பிலும் பஞ்சு பொம்மையிலும் தங்கிவிடுகிறது. தவழும் குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் நம்மைவிட அது அதிகம் சுவாசிக்கிறது, அதிகம் சாப்பிடுகிறது. போதாக்குறைக்கு, சில பூச்சிமருந்துகளை முறிக்க உதவும் பாராக்ஸோனேஸ் என்ற நொதி பிறந்த குழந்தைக்கு மிகக் குறைவு.

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒரு ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தொப்புள்கொடி ரத்தத்தில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை அளந்தார்கள். அது அதிகம் இருந்த குழந்தைகள், 7 வயதில் நினைவாற்றல் சோதனையில் பின்தங்கினார்கள். வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பது அமெரிக்காவில் 2001 இறுதியோடு நின்றது. அப்புறம் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அதன் அளவு நன்றாகக் குறைந்தது. வீட்டுக்குள் அடிப்பதை நிறுத்தினால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, கரப்பானை என்ன செய்வது? முதலில் தண்ணீரையும் தீனியையும் நிறுத்துங்கள். ராத்திரி பாத்திரம் கழுவும் தொட்டியை உலரத் துடைத்துவிட்டு, குழாய் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால், குழந்தையின் கை எட்டாத இடுக்கில் ஜெல் அல்லது பொறிப்பெட்டி வையுங்கள். அறை முழுக்கப் புகைபோல் பரவும் மருந்து வேண்டவே வேண்டாம். பூச்சி சாக்பீஸும் வேண்டாம், குழந்தை அதை எழுதுகிற சாக்பீஸ் என்றுதான் எடுக்கும். ஆள் வைத்து மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கர்ப்பிணியும் குழந்தைகளும் வீட்டில் இருக்கக் கூடாது. லேபிளில் சொன்ன நேரம் கழிந்து, ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, தரையைத் துடைத்த பிறகே திரும்ப வரலாம். துடைப்பதும் கர்ப்பிணியின் வேலையாக இருக்கக் கூடாது.

கொசுவுக்கு வலைதான் முதல் வழி. மூடிய அறையில் சுருள் கொளுத்தி அருகில் குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள். அதிலுள்ள பூச்சிமருந்தை விட்டாலும் அந்தப் புகையே நுரையீரலுக்குக் கெடுதல். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொசுவிரட்டி எதையும் பூசக் கூடாது. பெரிய குழந்தைக்கும் உள்ளங்கையிலும் விரல்களிலும் கண்ணோரத்திலும் பூசாதீர்கள்.

அந்துருண்டையை யாரும் பூச்சிமருந்தாகவே நினைப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த பழைய துணியை எடுத்துப் பச்சைக் குழந்தைக்குப் போர்த்துகிறார்கள். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், மஞ்சள் காமாலை கடுமையாகும். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. எண்ணெய் தடவிய தோல் வழியாக நாப்தலீன் இன்னும் வேகமாக உள்ளே போகும். கர்ப்பமாக இருக்கும்போதே அலமாரியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடும். அது மூட்டைப்பூச்சிக்கு என்று வீட்டுக்குள் வந்தால் உயிர் போகும். பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்கும் ஆபத்துதான்.

வயலில் மருந்து அடித்துவிட்டு வருபவர், குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும், கர்ப்பிணி துவைக்கக் கூடாது. மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள்.

இப்போது பழம். ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பு வேண்டாம். சமையல் சோடா கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் தோலின் மேலுள்ளது இன்னும் நன்றாகப் போகும், உள்ளே ஊறியது போகாது. பயந்துகொண்டு பழம், காய்கறியைக் குறைத்துவிடாதீர்கள். தாய்ப்பாலையும் இந்தப் பயத்தில் நிறுத்தாதீர்கள்.

குழந்தை மேல் மருந்து கொட்டிவிட்டால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரால் அதே நேரம் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். எச்சில் ஒழுகுவது, வியர்ப்பது, கண்மணி சுருங்குவது, மூச்சு இழுப்பது எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். இவை தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்து டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.