வயதான கட்டடத் தொழிலாளிகள் கூலி ஏமாறாமல் இருக்க

தலை நரைத்துவிட்டால் மேஸ்திரி பேசுகிற பேச்சே மாறிவிடும். "முன்ன மாதிரி உங்களால முடியாதுண்ணே, பார்த்துப் போட்டுத் தர்றேன்" என்பார். இதற்குத் தலையாட்டிவிட்டுக் கரண்டியை எடுக்காதீர்கள். சாரம் ஏறுகிற வேகம் குறைந்திருக்கும், உண்மைதான், ஆனால் ஜன்னல் ஓரத்தில் மூலைமட்டம் பிடிக்கவும், சின்னப் பையன்கள் பூசிய சுவரில் கோணல் வந்தால் மட்டக்கட்டை போட்டுச் சரிபண்ணவும் நம்மைத்தானே கூப்பிடுகிறார்கள். அந்தக் கைக்கு முழுக் கொத்தனார் கூலி கேட்பதில் தப்பே இல்லை. காலையில் கலவை போடுவதற்கு முன்னாலேயே, இன்னொரு ஆள் காதிலும் விழும்படி தொகையைப் பேசிவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, எந்த சைட், முழு நாளா அரை நாளா, பேசிய கூலி, வாங்கியது, பாக்கி. சனிக்கிழமை செலவுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை 'கான்கிரீட் முடியட்டும், ஓனர் பில் கொடுக்கட்டும்' என்று தள்ளுவார்கள், அந்தப் பாக்கிக்காகவே நாம் வேறு இடத்தில் நல்ல கூலி கிடைத்தாலும் போகாமல் அவரிடமே கிடப்போம். அதனால் வாராவாரம் நோட்டைக் காட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். போடவில்லையா, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், வீட்டுப் பிள்ளைகள் செய்து தருவார்கள். தேதியோடு நிற்கும்.

60 வயது ஆகாதவர்கள் இன்றைக்கே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியுங்கள். 18 முதல் 60 வரைதான் சேர்ப்பார்கள், தாண்டிவிட்டால் கெஞ்சினாலும் நடக்காது. ஏற்கெனவே அட்டை இருந்தால் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள், அது விட்டுப்போய் 60-க்கு அப்புறம் ஓய்வூதியத்துக்கு அலைகிறவர்கள் நிறையப் பேர். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பிறந்த வருடம் வேறு வேறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வாரியம் தருவது தர்மம் இல்லை. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நம் பெயரில்தான் வசூலிக்கிறார்கள்.

கடைசியாக, இதை வயசாளிகள் கட்டாயம் மனதில் வையுங்கள். சாரத்திலிருந்து விழுந்தால் "ஆஸ்பத்திரியில வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லுங்க, செலவை நான் பார்த்துக்கறேன்" என்று மேஸ்திரி காதோரம் சொல்வார். சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் நஷ்டஈடு வாங்குவது பெரும்பாடாகிவிடும், இடுப்பு ஒடிந்து கிடப்பது நாம். எந்த சைட், எத்தனை மணிக்கு, எப்படி விழுந்தோம் என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வாய் திறக்க முடியாத நிலையென்றால் கூடவந்த சித்தாள் சொல்லட்டும். அந்தப் பதிவு நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டு, ஏ.ஆர். (அந்த விபத்துப் பதிவேடுதான்) காப்பி கேட்டு வாங்குங்கள்.