டெல்டாவுக்கு இரண்டு கத்தி: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வேலைக்கு இரண்டு கத்தி வாங்கிவிடுகிறார்கள். ஐந்து அங்குலத்தில் ஒன்று, ஆறு அங்குலத்தில் இன்னொன்று. இரண்டும் கனம், இரண்டும் பார்க்க மிடுக்கு. இளநீர் சீவப் போனால் இரண்டும் போதாது. வெங்காயம் நறுக்கப் போனால் இரண்டும் தடிமன். ஜோடியாக வாங்குவதென்றால் ஒன்று செய்கிற வேலைக்கு மற்றதை எடுக்கவே தோன்றக் கூடாது. நான்கு அங்குலத்தில் மெல்லிய சின்னக் கத்தி ஒன்று, எட்டு அங்குலத்தில் கனத்த வெட்டரிவாள் ஒன்று. தோப்பிலோ ஆற்றங்கரையிலோ கூடாரம் போட்டுத் தங்கவும், தினமும் பையில் வைத்துக்கொள்ளவும் இவை போதும். மடக்குக் கத்தி இந்தக் கணக்கில் சேராது. கொள்ளிடத்து மணல் ஒருமுறை கீலுக்குள் புகுந்தால் அதைத் திறப்பதே தனி வேலை.

முகாம் கத்தி என்று தேடினால் வருகிற வீடியோக்களில் கத்தியைக் கட்டைமேல் வைத்துத் தடியால் அடித்துப் பிளப்பார்கள். குளிர்நாட்டில் நனைந்த கட்டைக்குள் இருக்கும் காய்ந்த பகுதியை எடுக்க அது தேவை. அதற்காகத்தான் அந்தக் கத்திகளுக்கு நான்கு, ஐந்து மில்லிமீட்டர் தடிமன். நம் பக்கம் அடுப்புக்குக் கிடைப்பது தென்னமட்டை, பன்னாடை, பாளை, கொட்டாங்கச்சி. கொஞ்சம் நின்று எரிய வேண்டுமென்றால் சீமைக்கருவேலம். இவற்றில் எதையும் பிளக்க வேண்டியதில்லை, துண்டாக வெட்டினால் போதும். ஆகவே நடுத்தரக் கத்தியை மறந்துவிடலாம்.

சின்னதை முதலில் எடுங்கள்

கயிறு, சாக்கு, சொட்டுநீர்க் குழாய், வாழையிலை, மீன், மாங்காய்: கை பத்து முறை கத்தியைத் தேடினால் ஒன்பது முறை சின்னதைத்தான் தேடும். எனவே பணத்தையும் கவனத்தையும் முதலில் இதில் போடுங்கள்.

அலகு 90 முதல் 105 மி.மீ. நீளம், முதுகில் 2 முதல் 2.5 மி.மீ. தடிமன். அதற்கு மேல் தடித்தால் கேரட்டும் கிழங்கும் வெட்டுப்படாமல் பிளந்துகொண்டு போகும். பிடி நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நான்கு விரலும் முழுதாக உட்கார வேண்டும். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் அழுத்தி வெட்டும்போது கத்தி கைக்குள் திரும்பும். அலகும் பிடியும் சேரும் இடத்தில் விரலைத் தடுக்கிற மாதிரி ஒரு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். கெண்டை மீன் வழவழப்போடு கை முன்னே வழுக்குவது அங்கேதான்.

உருக்கில் சின்னக் கத்திக்குத் துருப்பிடிக்காத வகையே நல்லது. கார்பன் உருக்கு புளி, எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுத்துப்போகும், காயிலும் இரும்பு வாடை ஏறும். வாழைக்கறை பட்டாலும் அப்படியே. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று வேறு. கார்பன் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலை செம்புள்ளி தெரியும். துருப்பிடிக்காத உருக்கும் துருவே பிடிக்காது என்று நம்ப வேண்டாம். உப்புநீர் பட்டு அப்படியே உறைக்குள் போனால் ஊசிக்குத்து மாதிரி குழி விழும்.

கடையில் கிடைப்பதில் ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் ஸ்வீடனின் மோரா கம்பேனியனைச் சொல்லலாம். 104 மி.மீ. அலகு, 2.5 மி.மீ. தடிமன், துருப்பிடிக்காத வகை சாண்ட்விக் 12சி27 உருக்கில். வேறு எது வாங்கினாலும் இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டைப்பைக்கே வேண்டும் என்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் எல்ட்ரிஸ் 59 மி.மீ.; கயிற்றுக்கும் பழத்துக்கும் சரி, மீனுக்குக் குட்டை. கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58 இருந்தால் போதும். 60க்கு மேல் போனால் கூர் அதிக நாள் நிற்கும், ஆனால் வீட்டில் இருக்கும் சாணைக்கல்லில் தீட்ட நேரம் பிடிக்கும். எலும்பில் பட்டால் வாய், அதாவது வெட்டும் ஓரம், பொக்கையாகும்.

வாங்கிய கையோடு இரண்டு சோதனை. வாயை மேலே பார்க்க வைத்து, விளக்கு வெளிச்சத்தில் அலகின் நீளத்துக்கும் கண்ணை ஓட்டுங்கள். எங்காவது மினுக்கென்று ஒளி தெரிந்தால் அந்த இடம் மழுங்கல் அல்லது மடிந்திருக்கிறது. நல்ல கூரில் ஒளி நிற்க இடமே இருக்காது. அடுத்தது கால் அங்குலப் பித்தளைக் கம்பி. கம்பியைப் பலகையில் வைத்து, வாயைச் சாய்வாக அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்தி இழுங்கள். வாய் லேசாக வளைந்து திரும்பி வந்துவிட்டால் தோய்ச்சல், அதாவது உருக்கைச் சுடவைத்து முக்கிக் கடினமாக்கிய பதம், சரி. வளைந்தது வளைந்தபடி நின்றால் மிருது. துகள் உதிர்ந்தால் முறுகல்.

இந்தக் கத்திகளின் முனை உடைவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் தேங்காய். மூடியிலிருந்து பருப்பை நெம்பி எடுக்கப் போய் நுனியில் அரை அங்குலம் போய்விடும். 2.5 மி.மீ. அலகு வெட்டத்தான், நெம்ப இல்லை. தேங்காய்க்கு ஒரு பழைய கரண்டிக் காம்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியது பட்டறையில்

வெட்டரிவாளுக்கு இணையத்தில் தேட வேண்டாம். கொல்லுப்பட்டறையில் அளவு சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். அலகு 8 அங்குலம், அகலம் 2 அங்குலத்துக்குள், முதுகு பிடியருகில் 5 மி.மீ., நுனியருகில் 3.5 மி.மீ. பிடியோடு சேர்த்து 400 முதல் 500 கிராம். நுனி லேசாக உள்நோக்கி வளைந்திருந்தால் கிளையை இழுத்து வெட்ட வசதி. பிடிக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் ஒரு விரல் மேல் வைத்தால் அரிவாள் சமமாக நிற்க வேண்டும். அதைவிட முன்னால் போனால் மணிக்கட்டு சீக்கிரம் ஓயும்; பின்னால் வந்தால் வெட்டு இறங்காது. நீளமாக வீச்சரிவாள் மாதிரி கேட்காதீர்கள். முகாமில் அதற்கு வேலையும் இல்லை, வழியில் அதற்கு நல்ல பெயரும் இல்லை.

இரும்பு பெரும்பாலும் லாரி கமான் பட்டை, வண்டியின் அடியில் பாரம் தாங்கும் வில் பட்டை. வெட்டும் கருவிக்கு அது அருமையான உருக்கு, வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. அதில் ஒரு கோளாறு உண்டு: வருடக்கணக்கில் வண்டியில் குதித்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். தோய்ச்சலில் அது நீளும், பிறகு ஒருநாள் வெட்டும்போது அலகு இரண்டாகும். கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. அடித்து, தோய்த்து, தேய்த்து முடித்த அலகில் மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விடுங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு மெல்லிய ஈரக்கோடு தெரியும். கோடு தெரிந்த அலகை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கமான் பட்டையா சாதாரணக் கட்டுமான இரும்பா என்ற சந்தேகம் இருந்தால் சாணைச் சக்கரத்தில் ஒரு மூலையைத் தொடச் சொல்லுங்கள். கமான் பட்டையின் பொறி நுனியில் கிளை கிளையாக வெடிக்கும். சாதா இரும்பின் பொறி நீளமாக, அதிகம் வெடிக்காமல் ஓடும்.

தோய்ச்சலை நேரில் நின்று பார்ப்பது நல்லது, கத்தியின் தலையெழுத்து அந்த ஒரு நிமிடத்தில்தான். வாய்ப்பக்கம் செக்கச் சிவந்ததும் ஓர் அங்குலம் மட்டும் முக்கி எடுப்பார்கள். முதுகில் சூடு மிச்சம் இருக்கும். உடனே வாயை ஒரு செங்கல் துண்டில் தேய்த்தால் வெள்ளையாகப் பளபளக்கும். முதுகின் சூடு மெல்ல வாய்க்கு இறங்க இறங்க, அந்தப் பளபளப்பில் நிறம் ஓடி வரும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அடுத்து கத்தரிப்பூ நிறம், கடைசியாக நீலம். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220, 230 டிகிரி செல்சியஸ். நீலம் 300ஐத் தொட்டுவிட்டது என்று பொருள். வெட்டரிவாளுக்குப் பழுப்பு முடிந்து கத்தரிப்பூ தொடங்கும்போது முழுதாக முக்கி ஆற்ற வேண்டும். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் சீமைக்கருவேலத்தில் பொக்கை விழும். நீலம் வரை விட்டால் நான்கு மட்டை வெட்டுவதற்குள் வாய் திரும்பும். தண்ணீரைவிட எண்ணெயில் முக்கச் சொல்லுங்கள். கமான் பட்டை தண்ணீரில் திடீரென்று குளிர்ந்தால் வெடிக்க வாய்ப்பு அதிகம்.

முடிந்ததும் அரத்தால் பாருங்கள். வாயில் அரம் பெரும்பாலும் வழுக்கி, லேசாக மட்டும் பிடிக்க வேண்டும். முதுகில் நன்றாகக் கடிக்க வேண்டும். வாயிலும் முதுகு மாதிரியே கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. வாயில் கண்ணாடிமேல் போவது போல வழுக்கினால் இன்னும் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும்.

பிடி

கெட்டுப்போகும் அரிவாள்களில் பாதி பிடியில்தான் கெடுகிறது. காம்பு பிடியின் முழு நீளத்துக்கும் ஓடி அடியில் மடக்கி அடிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் கட்டை வைத்து மூன்று ரிவெட் அடித்திருக்க வேண்டும். இரண்டு அங்குலக் காம்பைச் சுடவைத்துக் கட்டைக்குள் இறக்கி, பூண் மாட்டி விற்பது விறகடுப்பு வேலைக்குச் சரி. ஓங்கி வெட்டினால் ஒருநாள் அலகு தனியாகப் பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டை ஊறி இறுகியிருக்கும், சித்திரை வெயிலில் சுருங்கி ஆடும். ஆடுகிற பிடியைத் தண்ணீரில் ஊறவைப்பது பலரும் செய்வது. அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும், உள்ளே காம்பும் துருப்பிடிக்கும். கழற்றி, உலர்த்தி, அரக்கோ அரால்டைட்டோ நிரப்பி ஒருநாள் அசையாமல் வைப்பதே தீர்வு.

உறை

தோலுறை அழகுதான், ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கத்திக்கு ஊட்டும். தோட்டத்தில் மிஞ்சிக் கிடக்கும் பிவிசி குழாய் போதும். 40 மி.மீ. குழாயைத் தட்டையாக்கினால் சுமார் 62 மி.மீ. அகலம் கிடைக்கும், வெட்டரிவாளுக்குச் சரியான அளவு. சின்னக் கத்திக்கு 25 மி.மீ. குழாய், தட்டையில் சுமார் 39 மி.மீ. அலகுக்கு மேல் ஓர் அங்குலம் கூட்டி அறுத்து, கொதிநீரில் மிருதுவாகும் வரை போடுங்கள். நெருப்பில் காட்ட வேண்டாம். கருகினால் வரும் புகை கெடுதல். அலகில் இரண்டு சுற்றுத் தாள் சுற்றி, குழாய்க்குள் செருகி, இரண்டு பலகைக்கு நடுவில் ஆறும் வரை அழுத்துங்கள். தாள் தரும் இடைவெளி இல்லாவிட்டால் கத்தி உள்ளேயே இறுகிக்கொள்ளும். ஓரத்தில் ரிவெட், அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. வேட்டி கட்டுகிறவர்கள் சின்னக் கத்தியை மடியில் செருகாமல் பையில் வையுங்கள். குந்தி உட்காரும்போது நழுவும்.

தீட்டுதல்

ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று பொடியளவு (கிரிட்; எண் கூடினால் மென்மை) இருக்கும் கல் ஒன்று போதும். சின்னதுக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி, பெரியதுக்கு 25 முதல் 30. கோணத்தை அளக்க எளிய கணக்கு: ஓர் அங்குல அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து கால் அங்குலம் தூக்கினால் 15 டிகிரி வரும். மோரா மாதிரி அகலமான சரிவு உள்ள கத்தியில் அந்தச் சரிவையே கல்லில் படிய வைத்துத் தள்ளினால் போதும்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். வாயில் நீலம் பூத்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது; நீலம் போகும் வரை கல்லில் கையால் தேய்த்துத் தள்ளினால்தான் அங்கே கூர் நிற்கும். மூங்கில் வெட்டியபின் கட்டாயம் தீட்ட வேண்டும், அதன் மேல்தோலில் இருக்கும் மணற்சத்து எந்த வாயையும் தின்றுவிடும். கறை போக ஆற்று மணல் போட்டுத் தேய்க்கும்போது வாயைத் தொடாதீர்கள்.

எங்கே எடுத்துப் போகலாம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. மேலே சொன்ன 8 அங்குலம், 2 அங்குலத்துக்குள் என்ற அளவு இதையும் மனதில் வைத்ததுதான். அளவு சரியாக இருப்பதாலேயே பேருந்து நிலையத்தில் இடுப்பில் தெரிய நிற்கலாம் என்றில்லை. வெட்டரிவாளை உறையில் போட்டு, சாக்கில் சுற்றி, கூடாரச் சாமானோடு கட்டி வையுங்கள். கூட்டம், ஊர்வலம், திருவிழா நாளில் சின்னதும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கோடியக்கரை பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அது வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் அடங்கும்; எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வனத்துறைப் பொறுப்பில் உள்ள காடுதான், அங்கே ஒரு குச்சியையும் வெட்டக் கூடாது. இரண்டு இடத்துக்கும் கத்தி இல்லாமல் போய்வருவதே எளிது.

வீட்டில் வைக்கும்போது உறைக்கு வெளியே வையுங்கள். அரிவாளுக்கு விளக்கெண்ணெய் மெல்லிய பூச்சு. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். சின்னதுக்குச் சாப்பாட்டில் படுவதால் தேங்காய் எண்ணெய். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தால் மறுநாள் காலையிலேயே துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்; ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் வட்டமாகத் துரு அச்சு விழும், அதை எடுக்க 1000 கல்லில்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.