ஸ்கொட்லாந்து டவுன் ஒண்டின்ர சரித்திரத்தைத் தேடி வாசிக்கிறது எப்பிடி

ராசாக்களின்ர பட்டியலை முதல்ல தூக்கி ஒரு பக்கம் வையுங்கோ. ஸ்கொட்லாந்துச் சரித்திரம் தேடுற எங்கட பிள்ளையள் கனபேர் இங்கிலாந்தோட சண்டை பிடிச்ச வாலஸ், புரூஸ் ராசா எண்டு தொடங்கி அதிலயே நிண்டுபோடீனம், ஒரு டவுன் என்னண்டு வந்தது, அதை ஆர் நடத்தினது, சந்தைக் காசு எங்க போனது எண்டு பாக்காமலே அசைன்மென்ட் முடிஞ்சிடும். நான் சொல்லுறது வேற வழி. ஒரே ஒரு டவுனைப் பிடியுங்கோ. அதுக்கு உரிமை குடுத்தது ஆர், அங்க காசு அறவிட்டது ஆர், அதை நடத்தின ஆக்களைத் தெரிவு செய்தது ஆர், இந்த மூண்டு கேள்வியையும் விடாமக் கேட்டுக்கொண்டு 1100களில இருந்து இண்டைக்கு மட்டும் வாங்கோ. வன்னியில இருக்கிற எங்களுக்கு இந்த வழி நல்லாச் சரிவரும், ஏனெண்டா கிளிநொச்சியும் தானா முளைச்ச டவுன் இல்லை, இரணைமடுத் தண்ணியை நம்பி 1936இல குடியேற்றத் திட்டம் போட்டு, காணி பிரிச்சுக் குடுத்துத்தான் வந்தது.

டவுனைத் தெரிவு செய்யேக்க தலைநகர் எடின்பரோவில தொடங்காதேங்கோ, அது கடல் மாதிரிப் பெரிசு, உள்ள போனா வெளிய வர ஏலாது. ஸ்டேர்லிங், டண்டி, லின்லித்கோ, லீத் மாதிரி ஒண்டை எடுங்கோ.

அடுத்தது, உங்கட டவுன் என்ன வகை எண்டு பாக்க வேணும். முதலாம் டேவிட் ராசா 1124இல இருந்து 1153 மட்டும் ஆண்டவர், அவர்தான் பெரிக், ரொக்ஸ்பரோ, எடின்பரோ, ஸ்டேர்லிங், பேர்த் மாதிரி இடங்களை 'பரோ' எண்டு ஆக்கினவர், அதாவது சந்தை வைக்கவும் தீர்வை எடுக்கவும் தனிச் சட்டம் நடத்தவும் உரிமை உள்ள டவுன். ராசா நேர குடுத்தா றோயல் பரோ. பிரபுவின்ர காணிக்குள்ள வந்தா பிரபுவின்ர பரோ, பிஷப்பின்ர காணியில வந்தா பிஷப்பின்ர பரோ. கிளாஸ்கோ பிஷப்பின்ர டவுனாத்தான் 1170களில தொடங்கினது, றோயல் பரோ ஆனது 1611இல. இந்த வித்தியாசத்தைச் சின்ன விசயம் எண்டு நினைக்காதேங்கோ, வெளிநாட்டு வியாபாரம் செய்யிற உரிமையை 1672 மட்டும் றோயல் பரோக்கள் மற்ற டவுனுகளுக்கு விட்டுக்குடுக்கேல்ல, அதால உங்கட டவுன் எந்த வகை எண்டதிலதான் அங்க ஆர் பணக்காரன் ஆர் கூலிக்காரன் எண்டதும் இருக்கு. அந்தக் காலத்துச் சட்டத்தில இன்னொண்டும் இருக்கு, பிரபுவின்ர காணியில அடிமையாக் கிடந்த ஒருத்தன் பரோவுக்குள்ள வந்து காணி எடுத்து ஒரு வருசமும் ஒரு நாளும் இருந்திட்டா அவன் சுதந்திர மனுசன். எனக்கு இந்த முழுச் சரித்திரத்திலயும் ஆகப் பிடிச்ச வரி இதுதான்.

பட்டயத்தை, அதாவது டவுனுக்கு உரிமை எழுதிக் குடுத்த பத்திரத்தை, வாசிக்கேக்க கவனம். கிடைக்கிற ஆகப் பழைய பட்டயத்தின்ர வருசத்தை டவுன் பிறந்த வருசம் எண்டு எழுதிப்போடாதேங்கோ. எடின்பரோவில இப்ப இருக்கிற ஆகப் பழைய பட்டயம் 1329, ஆனா டவுன் அதுக்கு ரெண்டு நூற்றாண்டு முந்தியே இருக்கு. டண்டியின்ர பழைய பத்திரங்கள் இங்கிலாந்தோட நடந்த சண்டையில துலைஞ்சு போச்சு, பேந்து ரொபேட் புரூஸ் ராசா விசாரணை வைச்சு, முந்தி அந்த டவுனுக்கு என்னென்ன உரிமை இருந்தது எண்டு சாட்சி கேட்டுத்தான் 1327இல புதுப் பட்டயம் குடுத்தவர். உறுதியும் பெர்மிட்டும் இடப்பெயர்வில துலைச்சுப்போட்டு 2009க்குப் பிறகு சாட்சியோட கந்தோர் கந்தோரா ஏறின எங்கட சனத்துக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சில டவுன் முழுசாவே இல்லாமப் போனதும் இருக்கு. ரொக்ஸ்பரோ ஒரு காலத்தில நாட்டின்ர முதல் நாலு பரோவில ஒண்டு, 1460இல அங்கத்தைய கோட்டையைப் பிடிக்கப் போன இரண்டாம் ஜேம்ஸ் ராசா தன்ர பீரங்கியே வெடிச்சுச் செத்தவர், இண்டைக்கு கெல்சோவுக்குப் பக்கத்தில டவுன் இருந்த இடம் வெறும் புல்வெளி.

இப்ப சந்தைக்கு வாங்கோ, காசு கிடக்கிற இடம் இதுதான். வரைபடத்தில மூண்டு சாமானைத் தேடுங்கோ: மார்க்கற் குறொஸ் எண்டுற கல்தூண், டோல்பூத், பொதுத் தராசு வைச்சிருந்த இடம். டோல்பூத்திலதான் தீர்வை கட்டினது, சபை கூடினது, மறியலும் அதுக்குள்ளதான். எடின்பரோவில 1591இல கட்டின கனொங்கேற் டோல்பூத் இப்பவும் நிக்குது, கனொங்கேற் 1856 மட்டும் வேற பரோவா இருந்தபடியால்தான் அதுக்குத் தனிக் கட்டடம். அளவைகளையும் பாருங்கோ, நாட்டுக்கே பொதுவான அளவுகளைப் பரோக்களிட்டப் பிரிச்சுக் குடுத்திருந்தவை, திரவத்துக்கான சாடி ஸ்டேர்லிங்கில, தானியம் அளக்கிறது லின்லித்கோவில, துணி அளக்கிற கோல் எடின்பரோவில, நிறைப்படி லானார்க்கில. டன்கெல்ட் எண்ட சின்ன ஊரில சந்தைச் சதுக்கத்தில ஒரு வீட்டுச் சுவரிலயே இரும்பு அளவுகோல் அடிச்சு வைச்சிருக்கு, துணி வாங்கினவன் அதில பிடிச்சுப் பாக்கலாம். நெல்லு நிறுக்கேக்க சாக்குக்கு எண்டு வியாபாரி கழிக்கிற கிலோவைப் பாத்துக்கொண்டு நிக்கிற கமக்காரனுக்கு அந்த இரும்புத் துண்டின்ர பெறுமதி தெரியும். சந்தைத் தீர்வையை எங்கட பிரதேச சபை சந்தைக் குத்தகை குடுக்கிற மாதிரி ஏலத்தில விட்டவையள், ஆர் எடுத்தது, எவ்வளவுக்கு எடுத்தது எண்டு பரோக் கணக்குப் புத்தகத்தில கிடக்கும்.

மூண்டாவது கேள்வி, ஆளைத் தெரிவு செய்தது ஆர். இதில ரெண்டு வருசம் மறக்கக் கூடாது. 1469இல வந்த சட்டம் பழைய சபைதான் புதுச் சபையைத் தெரிவு செய்யும் எண்டு சொன்னது, அதால ஒரே வியாபாரக் குடும்பங்கள் கதிரையை மாத்தி மாத்தி வைச்சிருந்ததுகள், பொதுக் காணியைத் தங்கட ஆக்களுக்கே மலிவாக் குடுத்த கதையள் எல்லாம் இதுக்குள்ளதான் வரும். அதை உடைச்சது 1833ஆம் ஆண்டுச் சட்டம், வருசம் 10 பவுண் பெறுமதியான வீடு கடை வைச்சிருந்த ஆம்பிளையளுக்கு வாக்கு வந்தது. 364 வருசம்! உங்கட டவுனைப் பற்றி எழுதேக்க இந்த இடைவெளியை ஒரு வரியில தாண்டாதேங்கோ.

எடின்பரோவுக்குப் பக்கத்தில இருக்கிற லீத்தை எடுத்தா மூண்டு கேள்வியும் ஒண்டா விளங்கும். 1329இல ரொபேட் புரூஸ் லீத் துறைமுகத்தை எடின்பரோவுக்குக் குடுத்தவர், அதுக்குப் பிறகு கப்பல் வாறது லீத்துக்கு, தீர்வை போறது எடின்பரோவுக்கு. 1833இல லீத் தனிப் பரோ ஆகி தன்ர புறோவொஸ்டை, அதாவது எங்கட சபைத் தவிசாளர் மாதிரி ஆளை, வைச்சுது. அந்த லீத்தின்ர புறோவொஸ்ட் லிண்ட்ஸேயின்ர முயற்சியாலதான் 1862ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டம் வந்தது, 700 பேர் இருக்கிற இடமும் தனக்கெண்டு சபை வைச்சு றோட்டு, லைற், தண்ணி, குப்பை எல்லாம் பாக்கலாம் எண்டு. பேரில பொலிஸ் இருக்கெண்டு காவல்துறையை மட்டும் நினைக்காதேங்கோ, சுத்தமும் வெளிச்சமும் அதுக்குள்ள அடக்கம். 1905இல லீத் தன்ர ட்ராமைக் கரண்டுக்கு மாத்தினது, எடின்பரோ றோட்டுக்குக் கீழ ஓடுற கேபிள் இழுக்கிற ட்ராமையே ஓட்டினது, அதால சனம் 1922 மட்டும் பில்றிக் எல்லையில இறங்கி மற்ற ட்ராமில ஏற வேண்டி இருந்தது. 1920இல எடின்பரோவோட சேக்கிறதுக்கு முன்னம் லீத் சனத்திட்டக் கேட்டது, 26,810 பேர் வேண்டாம், 4,340 பேர் வேணும். சேத்துப்போட்டாங்கள். இப்பிடி ஒரு கணக்கைக் கண்டா அதை உங்கட கட்டுரையின்ர நடுவில வையுங்கோ, அடிக்குறிப்பில போடாதேங்கோ.

பிறகு வாறதைக் கெதியாச் சொல்லலாம். 1975 மே 16ஓட பரோச் சபையள் எல்லாம் இல்லாமப் போய் பிராந்தியமும் மாவட்டமும் வந்தது, 1996 ஏப்ரலில அதையும் கலைச்சு 32 கவுன்சில் ஆக்கினவை. மேல, நாட்டு மட்டத்தில பாத்தா, 1707இல ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் லண்டனோட சேந்தது, 1997 வாக்கெடுப்புக்குப் பிறகு 1999இல திரும்ப எடின்பரோவுக்கு வந்தது. 292 வருசம் பாராளுமன்றம் இல்லாமலும் டவுன்சபையள் ஓடினது எண்டதுதான் இதில கவனிக்க வேண்டியது.

தேடுற இடத்துக்கு வருவம், போன் இருந்தாக் காணும். சேர் ஜோன் சிங்கிளெயர் எண்டவர் ஒவ்வொரு ஊர்ப் போதகருக்கும் 160க்கு மேல கேள்வி அனுப்பி, வந்த மறுமொழியளை 1791இல இருந்து 1799 மட்டும் 21 தொகுதியாப் போட்டவர், எத்தினை பேர், என்ன விலை, என்ன கூலி, என்ன மீன் எண்டு எல்லாம் இருக்கு. எழுதினது போதகர்மார் எண்டதை மனசில வைச்சு வாசியுங்கோ, தவறணையைப் பற்றி அவை சொல்லுறது ஒரு பக்கக் கதை. ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின்ர தளத்தில பழைய வரைபடங்கள் இலவசம், பழசையும் இப்பத்தைய படத்தையும் பக்கத்தில வைச்சுப் பாக்கலாம். அபர்டீன் சபையின்ர பதிவேடு 1398இல இருந்து கிடக்கு, ஆனா லத்தீனும் பழைய ஸ்கொட்ஸும், தொடக்கத்துக்கு வேண்டாம்.

ஒரு டவுனை முடிச்சவை அதே மூண்டு கேள்வியோட தங்கட ஊருக்கு வாங்கோ. ஜே. பி. லூயிஸ் 1895இல வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதின கையேட்டில பழைய ஊர்களும் குளங்களும் இருக்கு, அதைப் பாருங்கோ. பிரதேச சபைச் சட்டம் 1987இலதான் வந்தது, அதுக்கு முந்தி கிராமசபை காலத்தில தலைவரா இருந்தது ஆர், சந்தை எங்க கூடினது, குத்தகை எடுத்தது ஆர் எண்டு வயசான ஆக்களிட்டக் கேளுங்கோ. தனித்தனியா ரெண்டு மூண்டு பேரிட்டக் கேட்டு, ஒத்து வாறதையும் வராததையும் ரெண்டையும் எழுதுங்கோ, அம்மம்மா சொன்னது எண்டா அம்மம்மா சொன்னது எண்டே போடுங்கோ. குரலைப் பதிஞ்சா திகதியும் இடமும் சொல்லித் தொடங்குங்கோ. பிரதி ஒரு இடத்தில மட்டும் வைக்காதேங்கோ, ஸ்கொட்லாந்தைப் பிடிச்ச இங்கிலாந்துத் தலைவர் குரொம்வெல்லின்ர ஆக்கள் லண்டனுக்கு அள்ளிக்கொண்டு போன ஸ்கொட்லாந்துப் பத்திரங்களை 1660இல திருப்பிக் கொண்டு வரேக்க கப்பல் தாண்டு, பீப்பாப் பீப்பாவாக் கடலுக்குள்ள போச்சுது. ஒண்டு பள்ளிக்கூட நூலகத்தில, ஒண்டு சபைக் கந்தோரில, இன்னொண்டு வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரிட்ட அனுப்பி வையுங்கோ.