விண்வெளி நிலையத்தைக் கேட்க ஓர் இரும்பு டேப் ஆன்டெனா

விண்வெளி நிலையம் அனுப்பும் ரேடியோ சிக்னலைக் கேட்க ஓர் ஆன்டெனா செய்வதற்காக, அளவெடுக்கும் ஐந்து மீட்டர் இரும்பு டேப் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டப் போகிறோம். வீட்டில் இருக்கும் டேப்பைத் தொடாதீர்கள், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். 25 மி.மீ. அகலமுள்ளதாகப் பாருங்கள். கீழே தரும் அளவுகள் அந்த அகலத்துக்கானவை.

செயற்கைக்கோள் என்றதும் பலர் முதலில் விலை உயர்ந்த ரேடியோவைத் தேடுகிறார்கள். நான் ஆன்டெனாவுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. தலைக்கு மேலே வரும்போது தூரம் அவ்வளவுதான். தொடுவானத்தில் எழும்போதோ 2,300 கி.மீ.க்கும் மேல். தூரம் ஐந்து மடங்கானால் வந்து சேரும் சிக்னல் 25-ல் ஒரு பங்காகிவிடும். இந்தக் குறையை ஈடுகட்டுவது ஆன்டெனாவின் வேலை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வாக்கி டாக்கியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவிலும் கேட்கலாம். ஆனால் அதை நெட்டுக்குத்தாகப் பிடித்தால், செயற்கைக்கோள் உச்சிக்கு வரும் நல்ல நேரத்தில் சிக்னல் படுத்துவிடும். அதன் நுனி காட்டும் திசையில் அது எதையும் கேட்பதில்லை. மாடியில் நிரந்தரமாக நிறுத்திவைக்க வேண்டுமானால் வி-டைபோல் போதும், அதாவது V வடிவில் விரிந்த இரண்டு கம்பிக் கைகள். 145.8 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு கையும் சுமார் 49 செ.மீ., இரண்டுக்கும் நடுவே 120 பாகை, தரைக்கு இணையாக. அரை மணி நேர வேலை. திசை காட்டவும் தேவையில்லை, அதனால் தாழ்வான பாஸ்களில் பலவீனம். (செயற்கைக்கோள் ஒருமுறை எழுந்து நம் வானத்தைக் கடந்து மறைவதுதான் ஒரு பாஸ்.)

கையில் பிடித்துத் திருப்பும் மூன்று எலிமெண்ட் யாகியைத்தான் நான் சொல்வேன். ஒரே தண்டில் குறுக்கே மூன்று உலோகப் பட்டைகள் (எலிமெண்டுகள்) வரிசையாக நிற்கும், ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஆன்டெனா அது. செயற்கைக்கோள் நகர நகர நாமும் கூடவே திரும்ப வேண்டும். ஒரு பாஸ் பத்து நிமிடம்தான் என்பதால் கை வலிப்பதற்குள் முடிந்துவிடும்.

வெட்டுதல்

பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் 105.1 செ.மீ., முன்னால் நிற்கும் டைரக்டர் 89.2 செ.மீ., நடுவில் கேபிள் இணையும் டிரிவன் எலிமெண்டுக்கு 45.1 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள். ஹாம்களிடையே (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) பல ஆண்டுகளாகப் புழங்கும் அளவுகள் இவை. தகரம் வெட்டும் கத்திரி வேண்டும். வெட்டிய முனை கத்திபோல இருக்கும், டேப் வேறு வில்லாய்த் துள்ளும். எனவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூலைகளை உருட்டி வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

சட்டம்

அரை இஞ்ச் பிவிசி பைப், அதற்கான இணைப்புகளில் நான்கு வாய் உள்ள கிராஸ் இரண்டு, மூன்று வாய் உள்ள டீ ஒன்று. முன்முனையில் டீயில் டைரக்டர், அடுத்த கிராஸில் டிரிவன், அதற்கு அடுத்ததில் ரிஃப்ளெக்டர். ரிஃப்ளெக்டரிலிருந்து டிரிவன் 20.3 செ.மீ., டிரிவனிலிருந்து டைரக்டர் 31.8 செ.மீ. இந்தத் தூரங்களை எலிமெண்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அளக்க வேண்டும். ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் ஒரு முழம் பைப் நீட்டினால் கைப்பிடி. துண்டுகளை ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். டிரிவனின் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே 2.5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

இணைப்பு

பொறுமை வேண்டிய இடம் இது. டேப்பின் மேல் இருக்கும் பெயிண்டை, டிரிவன் துண்டுகளின் இரண்டு உள்முனைகளிலும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எடுங்கள். நான் முதல்முறை சோம்பல்பட்டு அரைகுறையாகத் தேய்த்தேன். ஈயம் ஒட்டியதுபோலத்தான் தெரிந்தது. மாடிக்குக் கொண்டுபோனதும் கழன்று, ஒரு பாஸ் முழுக்க வெறும் இரைச்சல். ஈயம் ஒட்ட உதவும் பிளக்ஸ் தடவி, நன்றாகச் சூடேறிய சாலிடரிங் அயர்னால் முதலில் ஈயம் பூசிவிட்டு, அப்புறம் ரேடியோவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டிலும் வெளிப்பின்னலை மற்றதிலும் இணையுங்கள். ஆர்ஜி-58 வகைக் கோஆக்ஸ் ஒன்றரை மீட்டர் போதும், நீளம் கூடினால் இழப்பும் கூடும்.

அடுத்து ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி போல வளைத்த கம்பி. சுமார் 12.5 செ.மீ. கம்பியை யு வடிவில் வளைத்து, அதே இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பற்றவையுங்கள். யாகியின் குறைந்த மின்மறுப்பை 50 ஓமுக்குக் கொண்டுவருவது இதுதான். இப்போது மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு முனையும் ஷார்ட் என்று கத்தும். பதற வேண்டாம், ஹேர்பின் இருக்கும்வரை அப்படித்தான் காட்டும். கோஆக்ஸ் சரியா என்று பார்க்க வேண்டுமானால் ஹேர்பினை வைப்பதற்கு முன்பே பாருங்கள்.

வானத்தை நோக்கி

விண்வெளி நிலையம் எப்போதும் அல்ல, குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் 145.800 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்டிவி படங்களை (ஒலியாக மாற்றி மெதுவாக அனுப்பும் நிழற்படங்கள்) அனுப்பும். எந்த நாட்கள் என்பதை நிலையத்தின் ஹாம் ரேடியோவைக் கவனிக்கும் ஏஆர்ஐஎஸ்எஸ் (ARISS) அமைப்பு முன்கூட்டியே அறிவிக்கும். பாஸ் நேரத்தை ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் பார்த்து, தொடுவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் போகும் பாஸாகத் தேர்ந்தெடுங்கள். எழும் திசையை போன் திசைகாட்டியில் குறிக்கும்போது ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள். இரும்பு டேப் முள்ளைக் குழப்பிவிடும்.

வாக்கி டாக்கியோ கணினியில் செருகும் எஸ்டிஆர் ரேடியோ டாங்கிளோ, எஃப்எம் முறையில் வைத்து, பலவீனமான ஒலியை அடக்கிவிடும் ஸ்கெல்ச்சை முழுதாகத் திறந்துவிடுங்கள். நிலையத்தின் வேகத்தால் அதிர்வெண் நகர்வதை டாப்ளர் மாற்றம் என்பார்கள். இந்த அலைவரிசையில் அது மூன்றரை கிலோஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் டியூனிங்கைத் தொட வேண்டியதில்லை. சிக்னல் மங்கினால் திசையை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள், மணிக்கட்டைத் திருப்பி எலிமெண்டுகளைக் கிடையிலிருந்து நெட்டுக்கு மெதுவாகச் சுழற்றுங்கள். பாஸின் போக்கில் அலையின் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

அந்த ஒலியிலிருந்து படத்தை எடுக்க ரோபாட்36 செயலியைத் திறந்து போனை ஸ்பீக்கர் அருகில் வைத்தால் போதும். வழக்கமான பிடி120 முறையில் ஒரு படம் வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு பாஸில் ஒன்றிரண்டு படம் முழுதாகக் கிடைத்தால் பெரிய விஷயம். முதல் படத்தில் பாதி கோடுகோடாக வரும், பரவாயில்லை.

கேட்பதோடு நிற்காமல் பேசவும் ஆசை வந்தால் ஹாம் தேர்வு எழுதி உரிமம் எடுக்க வேண்டும். நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் இயங்கும்போது, 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனுடன் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) அனுப்பி, 437.800 மெகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டும். கேட்கும் பக்கத்துக்கு இன்னொரு யாகி தேவை. அலைநீளம் மூன்றில் ஒரு பங்கு என்பதால் எல்லா நீளமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. டேப்பின் அகலம் மட்டும் சுருங்காது, எனவே ஓரிரு மில்லிமீட்டராக வெட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஐந்து மீட்டரில் இரண்டு மீட்டருக்கு மேல் மீதமிருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.