சொல்லை மாற்றினால் சொந்தமாகிவிடாது: இணையவழி எழுத்துப் பாடநெறியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று நான்கு பேர் லாப்டொப்போடு வந்து உட்காருவார்கள். எல்லோரும் ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று காத்திருக்கிறவர்கள். சும்மா இருக்காமல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதலாம் வருட மாணவர்களுக்கு நடத்தும் ஆங்கில எழுத்துப் பாடநெறியை இணையத்தில் படிக்கிறார்கள். நானும் படித்தேன், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை 2021இல். அந்தக் காசும் நேரமும் எப்படிப் போயின என்பதை இவர்கள் ஒவ்வொருவரும் எனக்குத் திரும்பவும் நடித்துக் காட்டுகிறார்கள்.

எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்குக் கணனியே சிவப்புக் கோடு போடும்.

சொல்லை மாற்றி எழுதுவது

போன கிழமை ஒரு தம்பி முகம் செத்துப்போய் வந்தான். ஆய்வுக் கட்டுரைக்குப் பூச்சியம். “அக்கா, நான் ஒரு வரியும் களவெடுக்கேல்லை. எல்லாச் சொல்லையும் மாத்தித்தானே எழுதினனான்” என்றான். 2021இல் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அதனால்தான் எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

என் கட்டுரை 1942இல் திருகோணமலையில் விழுந்த ஜப்பானியக் குண்டுகளைப் பற்றியது. எங்கள் ஊர்க் கதை, எனக்குத் தெரியாததா என்ற திமிர். திரையின் இடது பக்கம் ஓர் இணையப் பக்கம், வலது பக்கம் என் கட்டுரை. இடது பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்:

“1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின, முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததால் பெரும்பாலான கப்பல்கள் வெளியேறியிருந்தன.”

வலது பக்கத்தில் நான் எழுதுவது:

“ஜப்பானியப் போர் விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி துறைமுகத்தின்மீது குண்டு வீசின, முன்னரே தகவல் வந்திருந்ததால் அநேகமான கப்பல்கள் அங்கிருந்து அகன்றிருந்தன.”

சொல்லெல்லாம் வேறு. ஆனால் எது முதலில், எது பிறகு, எதற்கு எது காரணம் என்ற கட்டு அப்படியே இருக்கிறது. சட்டையை மாற்றினேனே தவிர ஆள் அதே ஆள்தான். ஐந்து பக்கத்துக்கு இப்படி எழுதினேன், மூலத்தின் பெயர் எங்கேயும் இல்லை. சொல்லை மாற்றிவிட்டால் பெயர் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஒப்படைக்குப் பூச்சியம், சான்றிதழ் இல்லை, கட்டிய பணம் திரும்பி வராது.

ரெபெக்கா மூர் ஹவார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை இதற்கு ‘பட்ச்ரைட்டிங்’ என்று பெயர் வைத்தார், ஒட்டுப்போட்டு எழுதுவது. இதைத் திருட்டாகப் பார்க்காமல், புதிதாக எழுதப் பழகுகிறவர்கள் கடந்து போகும் ஒரு கட்டமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கும் அதில் உடன்பாடுதான். புள்ளி போடுகிறவரிடம் அந்த இரக்கம் இருக்கும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நமக்கு இது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கி, அங்கே இங்கே இரண்டு சொல் மாற்றி எழுதினால் பள்ளிக்கூடத்தில் “நன்று” என்று கையெழுத்து விழும். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் அதற்குப் பாராட்டு வாங்கியவருக்கு, அதுதான் குற்றம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் தலை சுற்றாதா?

“ஆதாரம் காட்டுறது வெள்ளைக்காரன் பழக்கம், எங்களுக்கு ஏன்?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மூச்சுக்கு மூச்சு “என்மனார் புலவர்”. எனக்கு முன்னிருந்தவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று அந்த மனுசன் சொல்லிக்கொண்டே போகிறார். நமக்குப் புதிதாக இருப்பது ஆதாரத்தைப் போடும் அடைப்புக்குறி மட்டும்தான். அதற்குள் என்ன போடுவது என்பது முறையைப் பொறுத்தது: எம்.எல்.ஏ. என்ற மேற்கோள் முறை என்றால் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும், ஏ.பி.ஏ. முறை என்றால் பெயரும் ஆண்டும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் எழுத்துக்கூடத் தளத்தில் இரண்டுக்கும் விளக்கம் இலவசமாகக் கிடைக்கும்.

சரி, எப்படித் தப்புவது? “ஆங்கிலத்திலேயே யோசி” என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு வேலைக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். படித்த பக்கத்தை மூடுங்கள். குசினிக்குப் போய், படித்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். அவர் தேங்காய் துருவிக்கொண்டே “அதுக்கு ஏன் கப்பல் ஓடினது?” என்று குறுக்கே கேட்பார். பதில் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் படித்தது விளங்கவில்லை. முடிந்தால், நேரே வந்து அந்தப் பதிலை ஆங்கிலத்தில் எழுதுங்கள். இடையில் தமிழ் புகுந்ததால் மூலத்தின் கட்டு உடைந்திருக்கும். பிறகு மூலத்தைத் திறந்து திகதிகளைச் சரிபார்த்து, பெயரைப் போடுங்கள். உங்கள் சொந்த வாக்கியமாக இருந்தாலும் தகவல் அவருடையது, பெயர் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாம் தடவை என் அம்மா கேட்ட கேள்வி: “வெளிய போன கப்பல் எல்லாம் தப்பிச்சுதா?” தப்பவில்லை. துறைமுகத்தை விட்டுப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தார்கள். எச்சரிக்கை கிடைத்தது, காப்பு கிடைக்கவில்லை. அதுவே என் கட்டுரையின் மைய வாதமாகிவிட்டது. இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் அது எனக்கு அகப்பட்டே இருக்காது.

வாக்கியம் மாற்றித் தரும் செயலிகள்

மேலே சொன்ன அதே தவறு, ஆள்தான் வேறு.

“மனிதன் தோன்றிய காலம் முதல்…”

கட்டுரையை இப்படித் தொடங்க வேண்டாம்.

திருத்தம் என்றால் பிழை திருத்தம் என்று நினைப்பது

இந்தப் பாடநெறிகளில் முதல் வரைவுக்கும் இறுதி வரைவுக்கும் இடையில் ஒரு கிழமையாவது தருவார்கள். காற்புள்ளி போட ஒரு கிழமை எதற்கு? பந்தியை இடம் மாற்றவும், ஒரு பக்கத்தையே தூக்கி எறியவும்தான். என் முதல் வரைவின் தொடக்க இரண்டு பக்கமும் துறைமுகத்தின் அழகைப் பற்றி. கட்டுரை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கியது. அந்த இரண்டு பக்கத்தையும் அழிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது, மனசு வரவில்லை.

சக மாணவரின் கட்டுரைக்கு “நல்லாயிருக்கு”

அது கருத்தே இல்லை. எந்த இடத்தில் உங்களுக்கு விளங்காமல் போனது என்று எழுதுங்கள். பல பாடநெறிகளில் மற்றவர்களின் கட்டுரையைப் பார்த்துக் கொடுக்காவிட்டால் உங்கள் புள்ளியும் வராது.

இரவு 11.59

யாருடைய இரவு என்று பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 11.59 என்றால் குளிர்காலத்தில் நமக்குத் திங்கள் காலை 10.29. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து நமக்கு 9.29. 2022 மார்ச்சில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் அனுப்பலாம் என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் சொன்ன நேரத்துக்கு வந்தது.