அபுனைவை நுணுகி வாசிக்க மாணவர்களைப் பழக்குவது எப்படி

கதையல்லாத எழுத்தான அபுனைவை நுணுகி வாசிக்க, அதாவது ஒரே பகுதியைச் சொல் சொல்லாகத் திரும்பத் திரும்ப வாசிக்க, முழுக் கட்டுரை தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வயதினருக்கு 150 முதல் 250 சொற்கள் கொண்ட ஒரு பகுதி போதும். பெரிய வகுப்புகளுக்கு 400 வரை போகலாம். அதற்குள் ஒரு வாதமோ விளக்கமோ இருக்க வேண்டும். வெறும் தகவல் அடுக்காக இருந்தால் இரண்டாம் முறை வாசிக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. ஓரத்தில் மூன்று விரல் அகலம் இடம் விட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போட்டு அச்சிடுங்கள். 'எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் 'நாலாவது வாக்கியம்' என்று பதில் வரும். எண் இல்லாவிட்டால் பாதி வகுப்பு தேடுவதிலேயே கழிந்துவிடும்.

முதல் வாசிப்பு மௌனமாக, தனியாக நடக்கட்டும். தலைப்பைப் பற்றி முன்கூட்டிப் பத்து நிமிடம் விளக்கிவிட்டால் மாணவர் உங்கள் பேச்சிலிருந்தே பதில் எடுப்பார், பகுதியைத் தொடமாட்டார். வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு பத்தியையும் பத்துப் பன்னிரண்டு சொற்களில் எழுதச் சொல்லுங்கள். கவிழ்ப்பது முக்கியம், தாள் கண்முன் இருந்தால் முதல் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதுவார்கள்.

இரண்டாம் வாசிப்பில் பென்சில். பத்திக்கு ஒரே ஒரு அடிக்கோடு, புரியாத சொல்லுக்கு வட்டம், சந்தேகத்துக்கு ஓரத்தில் கேள்விக்குறி. இந்த மூன்று குறிகளே போதும். வண்ணப் பேனா கொடுத்தால் பக்கம் முழுக்க மஞ்சளாகும். எல்லாமே முக்கியம் என்றால் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். வட்டமிட்ட சொல்லுக்கு உடனே அகராதியைத் திறக்க வேண்டாம். கலைச்சொற்கள் பல பிரித்தாலே பொருள் தந்துவிடும்: சுற்று, பாதை, சுற்றுப்பாதை.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். இந்தச் சிறு பகுதியைப் பாருங்கள்:

(1) புளூட்டோ 1930-இல் கண்டுபிடிக்கப்பட்டது. (2) அதன்பின் 76 ஆண்டுகள் அது ஒன்பதாவது கோளாகக் கருதப்பட்டது. (3) 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் கோளுக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், ஏறக்குறைய உருண்டையாக இருக்க வேண்டும், தன் சுற்றுப்பாதையை ஒட்டிய பிற பொருட்களை அகற்றியிருக்க வேண்டும். (4) புளூட்டோ மூன்றாவதில் மட்டும் தேறவில்லை.

'புளூட்டோ எப்போது கண்டுபிடிக்கப்பட்டது?' என்ற கேள்விக்கு ஒரு முறை கண்ணை ஓட்டினாலே போதும். '2006-இல் மாறியது எது?' என்று கேளுங்கள். பலர் 'புளூட்டோ' என்பார்கள். மூன்றாம் வாக்கியத்தின் 'வகுத்தது' என்ற சொல்லுக்குத் திருப்புங்கள்: மாறியது வரையறை, புளூட்டோ அப்படியேதான் இருக்கிறது. அடுத்து, 'கோளாகக் கருதப்பட்டது' என்பதை அடித்துவிட்டு 'கோளாக இருந்தது' என்று எழுதி, என்ன வேறுபாடு என்று கேளுங்கள். நான்காம் வாக்கியத்தில் 'மட்டும்' என்பதை மறைத்துவிட்டால் முதல் இரண்டு நிபந்தனைகளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? இப்படி ஒரு சொல்லை மாற்றியோ நீக்கியோ பார்ப்பதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால், எழுதியவரின் உறுதியும் வாக்கியத்தின் வாலில்தான் ஒளிந்திருக்கும். 'காரணம் ஆகும்', 'காரணமாக இருக்கலாம்', 'காரணம் எனக் கூறப்படுகிறது' மூன்றும் ஒன்றல்ல. வேகமாக வாசிப்பவர் வாலை விழுங்கிவிட்டு, மூன்றையும் உண்மை என்றே எழுதிவைப்பார். ஆகவே வாக்கிய முடிவுகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லி, உறுதி, ஊகம், பிறர் கூற்று என்று பிரிக்கப் பழக்குங்கள். 'கருதப்பட்டது', 'கூறப்படுகிறது' வரும் இடமெல்லாம் 'யாரால்?' என்று ஓரத்தில் எழுதட்டும். பகுதியில் அதற்கு விடை இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்று கண்டுபிடிப்பதும் வாசிப்புதான். 'ஆனால்', 'எனினும்', 'மாறாக' ஆகியவற்றைக் கட்டமிடச் சொல்லுங்கள். வாதம் திரும்பும் இடங்கள் அவை.

மூன்றாம் வாசிப்பில் மதிப்பீடு: எழுதியவர் தான் சொன்னதற்குச் சான்று தந்திருக்கிறாரா, எதைச் சொல்லாமல் விட்டார்? இங்கே கேள்விகள் எளிதில் நழுவிவிடும். தயாரித்த ஒவ்வொரு கேள்வியையும் பகுதியை மூடிவைத்துப் பாருங்கள். வாசிக்காமலே பதில் சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வி வேண்டாம். 'விண்வெளி உனக்குப் பிடிக்குமா?' அப்படிப்பட்டது. ஒவ்வொரு பதிலிலும் வாக்கிய எண், அதிலுள்ள சொல், அது எப்படிச் சான்றாகிறது என்ற விளக்கம் மூன்றும் இருக்க வேண்டும். கடைசியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுவார்கள். மேற்கோளை ஒட்டிவிட்டாலே முடிந்தது என்று நினைப்பார்கள்.

மூன்று வாசிப்புகளையும் ஒரே வகுப்பில் திணிக்காமல் இரண்டு நாளாகப் பிரித்தால் நல்லது. வாரத்துக்கு ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் பென்சில் இல்லாமல், நிறையப் பக்கங்களை வேகமாக வாசிக்க விடுங்கள்.